சந்தைக்குச் சிக்கனைப் பாதி வேகவைத்துக் கொண்டுபோகலாமா?

கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். என் கணவர் கரியடுப்பில் சிக்கன், மட்டன், போர்க் மூன்றும் நன்றாகச் சுடுவார். சர்ச் விழாக்களில் அவர் கைக்கு நல்ல பெயர். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஞாயிறு காலை நடக்கும் விவசாயிகள் சந்தையில் கடை போட இடம் கிடைத்திருக்கிறது. மூன்று கறியும் வைக்கலாம் என்கிறார் அவர். கூட்டம் வந்தால் திணறக் கூடாதே என்று, முந்தின இரவே பாதி வேகவைத்துக்கொண்டு போய், அங்கே வாட்டிக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. முதல் நாளுக்குப் பத்துக் கிலோ எடுக்கலாமா? என்ன விலை வைப்பது? லைசென்ஸ் வேண்டுமா?
ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: பாதி வேகவைக்கும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள், சகோதரி. மற்ற விஷயங்களில் முன்பின் ஆனால் பணம்தான் போகும். இதில் தப்பினால் சாப்பிட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போவார்.

பாதி வெந்த கறியின் நடுப்பகுதி வெதுவெதுப்பாக மட்டுமே ஆகியிருக்கும். கிருமி சாகாது, பெருகுவதற்குத் தோதான சூடு கிடைக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. ஐந்தாறு கிலோ கறியைச் சூட்டோடு டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால், ஓரம் குளிர்ந்தாலும் நடுவில் பல மணி நேரம் அந்தச் சூடு தங்கிவிடும். காலையில் கரியில் நன்றாக வாட்டினால் எல்லாம் செத்துவிடாதா என்று கேட்கலாம். கிருமி சாகும். ஆனால் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் இரவிலேயே விட்டுப்போகும் நச்சு, எவ்வளவு வாட்டினாலும் அழியாது. சுவைக்கும் இது கேடுதான். ஒருமுறை வெந்து சாறு இறங்கிய கறி மறுபடி நெருப்பில் ஏறினால் நார் நாராகிவிடும்.

அதோடு, உங்களுக்கு அந்தக் குறுக்குவழி தேவையும் இல்லை. நான்கு அடி நீள அடுப்பில் ஆறு சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கறி கோத்த கம்பி வைத்தால் ஒரே நேரத்தில் 20 கம்பி நிற்கும். எலும்பில்லாத தொடைக்கறி பச்சையாக ஏறினாலும் 12 முதல் 15 நிமிடத்தில் இறங்கிவிடும். கணக்குப்படி மணிக்கு 80 கம்பி. திருப்புவது, எடுப்பது, கரி சேர்ப்பது எல்லாம் போக 60 என்று வையுங்கள். 25 கிராம் துண்டு ஆறு, ஒரு கம்பிக்கு 150 கிராம் பச்சைக்கறி என்றால் பத்துக் கிலோவுக்கு 66 கம்பிதான் வரும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் வேலை. சந்தையில் மணிக்கு 60 பேர் வரிசையில் நின்றால் அது நல்ல பிரச்சினை. அன்றைக்கு இரண்டாவது அடுப்பு வாங்குங்கள்.

கறி வெந்ததா என்று பார்க்கக் குத்தித் தெரிந்துகொள்ளும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று அவசியம். சிக்கனின் நடுவில் 74 டிகிரி வந்தால் இறக்கலாம். முனை இரும்புக் கம்பியில் படாமல் குத்த வேண்டும். கம்பி கறியைவிடச் சூடாக இருப்பதால், தொட்டால் 80 என்று காட்டும், உள்ளே கறி பச்சையாக இருக்கும். அடுப்பின் ஓரத்தில் இருக்கும் கம்பியில், மிகப் பருமனான துண்டைப் பாருங்கள். தெர்மாமீட்டர் சரியா என்று மாதம் ஒருமுறை சோதியுங்கள். பொடித்த ஐஸ் நிறைந்த தண்ணீரில் 0 காட்ட வேண்டும். கொதிநீரில் பெங்களூரில் 97 காட்டினால் அது சரியான கருவி. 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் இது, இங்கே தண்ணீர் 100 டிகிரி வரை போகாமலே கொதித்துவிடும். 100 காட்டவில்லை என்று நல்ல கருவியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மூன்று கறி வேண்டாம். முதல் இரண்டு மாதம் சிக்கன் தொடைக்கறி மட்டும் போதும். நெஞ்சுக்கறி இரண்டு நிமிடம் கூடினாலே வறண்டுபோகும். தொடைக்கறியில் கொழுப்பு இருப்பதால் வரிசை நீளும்போது கை தாமதித்தாலும் தாங்கும். மட்டன் துண்டுகளுக்குப் பப்பாளிக்காய் விழுது தேவைப்படும். அது கிலோவுக்கு 30 கிராமைத் தாண்டினாலோ இரவு முழுக்க ஊறினாலோ கறி வெளியே மாவாகி உள்ளே விறைப்பாகவே நிற்கும். கொத்துக்கறியைக் கம்பியில் பிடித்துச் சுடும் சீக் கெபாப், பழகாத கையில் கம்பியைவிட்டு நழுவிக் கரியில் விழும். இவற்றைப் பிறகு பார்க்கலாம்.

போர்க் விஷயத்தில் கணவரோடு உட்கார்ந்து தெளிவாக ஒரு முடிவெடுங்கள். பெங்களூரில் கடைக்கு வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது "ஹலாலா?" என்றுதான். ஒரே அடுப்பில், ஒரே கத்தியில் போர்க்கும் சிக்கனும் புழங்கினால் அவர்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. அடுப்பு, கம்பி, பலகை, இடுக்கி எல்லாம் இரண்டு செட் வைப்பதென்றாலும், பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அவர்கள் மனம் ஒப்பாது. ஹலால் கடையில் வாங்கிய சிக்கன் மட்டும் என்று போகலாம், அல்லது போர்க் மட்டுமே செய்து அதற்கான வாடிக்கையாளர்களைப் பிடிக்கலாம். இரண்டும் நல்ல வியாபாரம்தான், கலந்து செய்வதுதான் கெடுதல். எந்தக் கடையில் வாங்கினாலும் பில் கேட்டு வாங்கித் தேதிவாரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மசாலா உங்கள் வீட்டுக் கைப்பக்குவம், அதில் தலையிடவில்லை. அளவு மட்டும் கிராமில் எழுதி வையுங்கள், அப்போதுதான் வாரா வாரம் ஒரே ருசி வரும். ஒரு கிலோ தொடைக்கறிக்கு உப்பு 15 கிராம், இஞ்சி பூண்டு விழுது 40, மூன்று மணி நேரம் துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிர் 120, எண்ணெய் 30 மில்லி என்று ஆரம்பித்துப் பாருங்கள். தயிரை வடிக்காவிட்டால் தண்ணீர் கரியில் சொட்டி நெருப்பை அடக்கிவிடும், மசாலாவும் வழிந்துவிடும். வறுத்த கடலை மாவு 15 கிராம் சேர்த்தால் மசாலா துண்டோடு ஒட்டி நிற்கும். ஃபிரிட்ஜில் எட்டு மணி நேரம் ஊறினால் போதும். எலுமிச்சைச் சாற்றை இரவே ஊற்றினால் மேல்பகுதி வெளுத்து மாவுபோல் ஆகிவிடும், கம்பியில் கோக்கும்போது சேர்த்தால் போதும்.

சிவப்பு நிறத்துக்குப் பேடகி மிளகாய்த்தூள் கிலோவுக்கு 15 கிராம் போடுங்கள். காரம் குறைவு, நிறம் பிரமாதம், கர்நாடகத்தின் சொந்தச் சரக்கு. கடையில் விற்கும் கெபாப் கலர்ப் பொடி ஒரு சிட்டிகைகூட வேண்டாம். கெபாப்களில் செயற்கை நிறம் சேர்ப்பதைக் கர்நாடக அரசு 2024 ஜூனில் தடை செய்துவிட்டது. பாக்கெட் கெபாப் மசாலாவிலும் நிறம் கலந்திருக்கலாம், பின்பக்க அச்சைப் படித்து வாங்குங்கள்.

இப்போது பத்துக் கிலோ. கீழே உள்ள விலைகள் கணக்குப் பார்ப்பதற்காக வைத்தவை, உங்கள் கடை விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். தொடைக்கறி கிலோ 360 ரூபாய் என்றால் ஒரு கம்பிக்குக் கறி 54 ரூபாய். மசாலா, தயிர், எண்ணெய் 9. கரி 7. தட்டு, இலை, வெங்காயம், புதினா சட்னி 10. ஐஸ், டிஷ்யூ 5. ஆக 85. இதோடு கடை வாடகை 1,500, உதவிக்கு ஓர் ஆள் 800 என்று 2,300 ரூபாய் நிலையான செலவு. ஒரு தட்டு 180 ரூபாய்க்கு விற்பதாக வைப்போம்.

66 கம்பியும் விற்றால் கையில் 3,970 நிற்கும், சந்தோஷம். ஆனால் 40 மட்டும் விற்றால் என்ன ஆகும்? வரவு 7,200. விற்காத 26 தட்டுக்கான இலை, சட்னிச் சாமான் மிஞ்சியதைக் கழித்துவிட்டாலும் செலவு 7,650. அதாவது 450 ரூபாய் நஷ்டம். 43 கம்பி விற்றால்தான் போட்ட முதலே திரும்பும். அதே 40 கம்பியை, ஆறு கிலோ மட்டும் எடுத்துப்போய் முழுக்க விற்றிருந்தால் சுமார் 1,500 ரூபாய் லாபம். விற்பனை ஒன்றே, எடுத்துப்போன கிலோதான் வேறு. ஆகவே முதல் ஞாயிறு ஆறு கிலோ. பன்னிரண்டரை மணிக்குள் தீர்ந்துபோனால் அடுத்த வாரம் எட்டு. "தீர்ந்துவிட்டது" என்று பலகை வைக்க வெட்கப்பட வேண்டாம், அதைப் பார்த்தவர் மறு வாரம் சீக்கிரம் வருவார்.

ஆறு கிலோ கறி வாட்டியதும் நாலேகால் கிலோதான் இருக்கும், கிட்டத்தட்ட முப்பது சதவீதம் நீரும் கொழுப்புமாக இறங்கிவிடும். எனவே 150 கிராம் என்று எழுதிவைத்து 105 கிராம் கொடுக்காதீர்கள். கிராம் கணக்கில் விற்றால் முத்திரை வைத்த தராசும் வேண்டியிருக்கும். "ஒரு கம்பி, ஆறு துண்டு" என்று எண்ணிக்கையில் விற்றால் இரண்டு சிக்கலும் இல்லை.

லைசென்ஸ் பற்றி: உங்களைப் போன்ற சிறு கடைக்கு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு போதும், பெரிய ஓட்டல்களுக்கான லைசென்ஸ் வேண்டாம். அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், ஏஜெண்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். கிடைக்கும் 14 இலக்க எண்ணைக் கடை முன்னால் கண்ணில் படும்படி மாட்டுங்கள். சமைக்கிற இருவரும் மருத்துவத் தகுதிச் சான்று வாங்கி, டைஃபாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் புதிதாகக் கடை போடுகிறவர்கள் மறந்துவிடும் இன்னொன்று, இறைச்சி விற்பனைத் தடை நாட்கள். காந்தி ஜெயந்தி, மகாவீர் ஜெயந்தி, ராம நவமி, கிருஷ்ண ஜெயந்தி, விநாயகர் சதுர்த்தி போன்ற நாட்களுக்கு மாநகராட்சி அறிவிப்பு வரும். அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால், சனிக்கிழமை ஊறவைத்த கறி அத்தனையும் வீண். பெங்களூரு மாநகராட்சியாக இருந்த பிபிஎம்பி 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டதால், சந்தை நடக்கும் இடம் எதில் வருகிறதோ அதன் அறிவிப்பைப் பாருங்கள்.

சந்தை நடத்துபவரிடம் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இறைச்சிக்கு அனுமதி உண்டா? கரி நெருப்புக்கு அனுமதி உண்டா? இயற்கை விவசாயச் சந்தைகள் பலவற்றில் சைவம் மட்டும்தான். அப்பார்ட்மெண்ட் வளாகமாக இருந்தால் நீங்கள் நிற்கும் தரைக்குக் கீழேயே கார் பார்க்கிங் இருக்கலாம், அங்கே நெருப்புக்கு விடமாட்டார்கள். இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அடுத்து, இடத்தைக் காற்றைப் பார்த்துக் கேளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெங்களூரில் காற்று மேற்கிலிருந்து பலமாக அடிக்கும். மைதானத்தின் கிழக்கு ஓரம் கிடைத்தால் புகை வெளியே போய்விடும். மேற்கு ஓரத்தில் நின்றால் கீரை விற்கிறவர், தேன் விற்கிறவர் எல்லோர் முகத்திலும் உங்கள் புகைதான் அடிக்கும், இரண்டாவது வாரமே புகார் வரும்.

அடுப்பைப் பந்தலுக்கு வெளியே வையுங்கள். நைலான் துணிக்கு ஒரு பொறி போதும். காலை எட்டு மணிக்குக் காய்கறி வாங்க வருகிறவர் கெபாப் சாப்பிட மாட்டார். பத்தரை மணிக்குமேல்தான் கூட்டம் உங்கள் பக்கம் திரும்பும், ஆகவே ஒன்பதே முக்காலுக்கு நான்கு கிலோ கரி பற்றவைத்தால் சரியாக இருக்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரி புகை குறைவு, சூடு அதிகம். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் அந்த வாடை கறியில் ஏறும். இரும்புக் குழாய் வடிவ கரி பற்றவைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள், கீழே காகிதம் கொளுத்தினால் இருபது நிமிடத்தில் கரி மேலே சாம்பல் பூத்துத் தயாராகிவிடும். புதுக் கரியை நேராக அடுப்பில் போடாமல் இதிலேயே பற்றவைத்து அரைமணிக்கு ஒருமுறை ஒரு கிலோ சேர்த்தால் சூடு ஒரே சீராக நிற்கும். கரிக்கும் கம்பிக்கும் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் தெளிக்காதீர்கள், கொழுப்பு தெறித்துத் தீ இன்னும் பரவும். கம்பியை ஓரத்துக்கு நகர்த்துங்கள். தீயணைப்பான் ஒன்றும் மணல் வாளி ஒன்றும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பச்சைக்கறிக்கு ஓர் ஐஸ் பெட்டி, சட்னி வெங்காயத்துக்கு வேறு பெட்டி. கறி எடைக்குச் சமமாக ஐஸ், கறியை மூடிய டப்பாவில் வைத்து அடியிலும் மேலிலும் ஐஸ். பெட்டியைத் திறந்து திறந்து மூடாமல் ஒரு தடவைக்கு இருபது கம்பியாக எடுங்கள். ஊறின மசாலா மிச்சத்தை வெந்த கறிமேல் தடவுவது நம் பழக்கம், அதை நிறுத்த வேண்டும். அது பச்சைக்கறியின் சாறு. தடவ எண்ணெயும் எலுமிச்சையும் தனிக் கிண்ணத்தில், தனிப் பிரஷோடு வையுங்கள். பச்சைக்கறியைத் தொடுகிற கை பணத்தையும் தட்டையும் தொடக் கூடாது, நீங்கள் காசுக்கும் தட்டுக்கும், அவர் அடுப்புக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். குழாய் வைத்த இருபது லிட்டர் கேனில் கைகழுவத் தண்ணீரும் சோப்பும் அடுப்புக்குப் பின்னாலேயே இருக்கட்டும். பரிமாற பாக்குமட்டைத் தட்டும் வாழையிலைத் துண்டும் போதும். பிளாஸ்டிக் தட்டு, கப்புக்குக் கர்நாடகத்தில் 2016 முதலே தடை. செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தால் அச்சு மை கறியில் ஒட்டும், அதற்கும் அனுமதி இல்லை.

ஒரு மணிக்கு மிஞ்சிய பச்சைக் கம்பிகள் ஐஸில் 5 டிகிரிக்குள் இருந்திருந்தால் அன்று மாலையே வீட்டில் சுட்டுச் சாப்பிடுங்கள், மறு வாரக் கடைக்கு வேண்டாம். வெந்து ஆறிக் கிடப்பதை இரண்டு மணி நேரத்துக்குமேல் யாருக்கும் கொடுக்காதீர்கள். கரிச் சாம்பல் அணைந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே கங்கு இருக்கும். மூடி போட்ட இரும்பு வாளியில் வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் தண்ணீர் ஊற்றிக் கிளறிய பிறகே குப்பைக்குப் போடுங்கள்.