திறக்காத எக்செல், தொலைந்த கணக்கு: கேள்வி பதில்

கேள்விகள் நிறைய வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒவ்வொரு பதிலிலும் எழுத வேண்டிய ஒரு வரியை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கெட்டுப்போன ஃபைலை முதலில் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். நோண்டுவதெல்லாம் நகலில்தான்.

அம்பத்தூர் எஸ்டேட், பட்டறைக் கணக்கு பார்ப்பவர்: சார், எங்கள் லேத் பட்டறை ஸ்டாக் முழுக்க ஒரே எக்செல் ஃபைலில்தான் இருக்கிறது. சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு. இப்போது திறந்தால் ஃபார்மேட் சரியில்லை என்கிறது. அளவு மட்டும் பழையபடி 2 எம்பி காட்டுகிறது. முதலாளிக்கு இன்னும் தெரியாது.

முதலாளியிடம் சொல்வதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் ஃபைலுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். நகலை நோட்பேடில் திறங்கள். முதல் இரண்டு எழுத்து ஆங்கில பி, கே என்று இருந்தால் நம்பிக்கை உண்டு. 2007 எக்செல்லில் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகை ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. அந்த பி, கே என்பது ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். எழுத்தே இல்லாமல் வெற்றிடமாக நீண்டுகொண்டே போனால், உள்ளே இருப்பது வெறும் பூஜ்யம். பெயரும் அளவும் டிஸ்க்கில் பதிவாகி, சரக்கு எழுதப்படுவதற்குள் கரண்ட் போயிருக்கிறது. அந்த ஃபைலை எந்த சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது. மீட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பூஜ்யமாக இருந்தாலும் அதே ஃபோல்டரை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். எக்செல் சேவ் செய்யும்போது பழைய ஃபைலின் மேலேயே எழுதுவதில்லை. எட்டு எழுத்தில் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு பெயரில், எக்ஸ்டென்ஷன் இல்லாமல், பக்கத்திலேயே புது ஃபைல் எழுதி முடித்த பிறகுதான் பழையதை அழித்துப் பெயரை மாற்றிக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனால் அந்த எட்டெழுத்து ஃபைல் அப்படியே கிடக்கலாம். அதை நகல் எடுத்து, கடைசியில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் சேர்த்துத் திறந்து பாருங்கள். அலைக்குறியும் டாலர் குறியுமாகத் தொடங்கும் குட்டி ஃபைல் ஒன்றும் இருக்கும். அதில் ஃபைலைத் திறந்து வைத்திருந்தவர் பெயர் மட்டும்தான், கணக்கு எதுவும் இல்லை.

பி, கே இருந்தால் எக்செல்லிலேயே ஓப்பன் போய், பிரவுஸ் கொடுத்து, ஃபைலை ஒரு தடவை மட்டும் கிளிக் செய்து, ஓப்பன் பட்டனை ஒட்டியுள்ள சின்ன அம்புக்குறியில் 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்' எடுங்கள். முதலில் ரிப்பேர். நடக்கவில்லையா, எக்ஸ்ட்ராக்ட் டேட்டா. இதில் ஃபார்முலா போய் வெறும் எண் மட்டும் தங்கலாம், பரவாயில்லை. அதுவும் முடியாவிட்டால் லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் திறங்கள். இலவசம்தான். எக்செல் முகம் சுளிக்கும் ஃபைலைக் கூட அது பல நேரம் ஒன்றும் சொல்லாமல் திறந்துவிடும். கூகுள் ஷீட்ஸில் ஏற்றிப் பார்ப்பதும் இன்னொரு வழி. எதில் திறந்தாலும் உடனே வேறு பெயரில் சேவ் செய்யுங்கள்.

இவை எல்லாம் கைவிட்டால் மூட்டையைப் பிரிக்க வேண்டியதுதான். நகலின் எக்ஸ்டென்ஷனை ஜிப் என்று மாற்றி 7-ஜிப்பில் திறங்கள். ஜிப்பின் பொருளடக்கம் ஃபைலின் வாலில் இருக்கிறது. வால் அறுந்தால் விண்டோஸ் திறக்க மறுக்கும், ஆனால் 7-ஜிப் உள்ளே துழாவிப் பல பகுதிகளை எடுத்துவிடும். வின்ராரில் ரிப்பேர் என்றே ஒரு பட்டன் உண்டு. உள்ளே எக்ஸ்எல், அதற்குள் ஒர்க்‌ஷீட்ஸ் என்ற ஃபோல்டர். ஷீட்1, ஷீட்2 என்று வரிசையாக இருப்பவைதான் உங்கள் கணக்கு.

அதே அம்பத்தூர் நண்பர்: பிரித்துவிட்டேன் சார். ஷீட் கிடைத்தது. ஆனால் பொருள் பெயர் இருந்த இடத்தில் எல்லாம் 0, 1, 2 என்று எண்தான் இருக்கிறது. தேதியும் எண்ணாகவே வருகிறது.

கெடவில்லை. எக்செல் எழுத்துகளை ஷீட்டில் வைப்பதில்லை. 'போல்ட் 10 எம்எம்' என்று முந்நூறு தடவை அடித்திருந்தாலும், ஷேர்ட் ஸ்டிரிங்ஸ் என்ற தனி ஃபைலில் ஒரு தடவை எழுதிவைத்து, ஷீட்டில் அதன் வரிசை எண்ணை மட்டும் போடும். வரிசை பூஜ்யத்தில் தொடங்கும். அந்த ஃபைலும் மூட்டையில் கிடைத்திருந்தால் இரண்டையும் பொருத்திவிடலாம். அது அழிந்திருந்தால் அளவுகள் பிழைக்கும், பெயர்கள் போகும். பழைய ஸ்டாக் பிரிண்ட் அவுட் ஒன்று இருந்தால் எந்த எண் எந்தப் பொருள் என்று அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். தேதியும் அப்படித்தான்: 45292 என்றால் 2024 ஜனவரி 1. கட்டத்தை டேட் ஃபார்மேட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

மயிலாப்பூர், கல்யாண வீட்டுக்காரர்: பெண் கல்யாணத்துக்கு அழைப்பு லிஸ்ட் அடித்துக்கொண்டிருந்தேன். மூடும்போது அவசரத்தில் 'டோண்ட் சேவ்' அழுத்திவிட்டேன். போயே போச்சா?

அநேகமாக இல்லை, மாமி. எக்செல்லைத் திறந்து ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் ஒர்க்புக் என்று போங்கள். 'ரிக்கவர் அன்சேவ்ட் ஒர்க்புக்ஸ்' என்று இருக்கும். சேவே செய்யாத ஃபைலை எக்செல் நான்கு நாள் வரை அங்கே வைத்திருக்கும், அதனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஏற்கெனவே பெயர் வைத்த ஃபைல் என்றால், அந்த ஃபைலைத் திறந்து அதே இடத்தில் பாருங்கள். 'சேவ் செய்யாமல் மூடியபோது' என்ற குறிப்போடு ஒரு பதிப்பு தெரியும். எக்செல் இதைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவைதான் எடுத்துவைக்கும். கடைசியாக அடித்த சில பெயர்கள் விட்டுப்போயிருக்கும். சம்பந்தி வீட்டார் பெயர்களை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

தி.நகர், ஆடிட்டர் ஆபீஸ் ஆர்ட்டிகிள் மாணவர்: அண்ணா, பென் டிரைவை அப்படியே உருவிவிட்டேன். க்ளையண்டின் சேல்ஸ் ஃபைல் 0 கேபி காட்டுகிறது. டிரைவைச் செருகினால் 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' கேட்கிறது. நாளைக்கு 11ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கு) போடணும்.

ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ் வேண்டாம் தம்பி. அது டிரைவை ஒழுங்குபடுத்தும். உன் ஃபைலைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அந்த டிரைவில் இனி ஒரு எழுத்து கூட எழுதாதே. ஃபோட்டோரெக் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. பெயரைப் பார்த்துப் போட்டோவுக்கு மட்டும் என்று நினைக்காதே, எக்செல்லும் எடுக்கும். மீட்டதைக் கம்ப்யூட்டரில் சேமி, பென் டிரைவில் அல்ல. ஃபைல் பெயர்கள் எல்லாம் போய் எண்களாக வரும். அளவு பார்த்து ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் தேடு. அந்த ஃபைலை யாருக்காவது வாட்ஸாப்பில் அனுப்பினாயா? ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸாப் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் 'சென்ட்' என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் எல்லாரும் மறந்துபோன ஃபைல்கள் அங்கே குவிந்து கிடக்கும். மெயிலில் சென்ட் ஐட்டம்ஸையும் பார். என்னிடம் வருகிற கேஸ்களில் ரிப்பேரை விட இந்தத் தேடலில்தான் அதிகம் கிடைக்கிறது. இரண்டு வாரம் பழைய நகல் கிடைத்தால் கூட மீதி இரண்டு வாரத்தை மட்டும் அடித்தால் போதும்.

க்ளையண்டின் டர்னோவர் 5 கோடிக்கு மேல் என்றால் இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதியும் பில்) போட்டிருப்பார்கள், அந்த விவரம் ஜிஎஸ்டிஆர்-1இல் தானாகவே வந்து நிற்கும். சின்ன க்ளையண்ட் என்றால் சரக்கு அனுப்ப எடுத்த இ-வே பில், பில் புக் இவற்றைப் பார்த்து அடிக்க வேண்டியதுதான். ஆடிட்டரிடம் இன்றைக்கே சொல்லிவிடு. 11ஆம் தேதி சாயங்காலம் சொன்னால்தான் திட்டு அதிகம்.

பெருங்குடி, ஐ.டி. ஊழியர்: லேப்டாப்பில் ஷிஃப்ட் டிலீட் கொடுத்துவிட்டேன். அழித்த ஃபைலை மீட்கும் ரெகுவா மென்பொருளை ஓட்டலாமா?

உள்ளே எஸ்எஸ்டி என்றால் பெரும்பாலும் வீண். டிரிம் என்கிற வேலை, அழித்த இடத்தைச் சீக்கிரமே உண்மையாகவே காலி செய்துவிடும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு முன்னால் ஒன்டிரைவ் இணையதளத்தில் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். சொந்தக் கணக்கில் 30 நாள், ஆபீஸ் கணக்கில் வழக்கமாக 93 நாள் வைத்திருக்கும். கூகுள் டிரைவ் குப்பையிலும் 30 நாள்.

வேளச்சேரி, ஜெராக்ஸ் கடைக்காரர்: 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் கடைக்குள் தண்ணீர் வந்து சிபியூ மூழ்கிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்துப் பரணில் வைத்தேன். இப்போது வாடிக்கையாளர் கணக்கு தேவைப்படுகிறது. காய்ந்துதான் இருக்கும், போட்டுப் பார்க்கலாமா?

போடாதீர்கள். தண்ணீர் காய்ந்திருக்கும், அதிலிருந்த சேறும் உப்பும் சாக்கடையும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே தகவல் பதிந்திருக்கும் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றும். அதன் மேல் நூலிழை இடைவெளி கூட இல்லாமல், அதைப் படிக்கும் ஹெட் மிதக்கும். ஒரு தூசி சிக்கினால் தட்டைச் சுரண்டிவிடும், சுரண்டிய இடம் திரும்ப வராது. அரிசிக்குள் வைப்பது, மொட்டை மாடி வெயிலில் காயவைப்பது எதுவும் உதவாது.

க்ளீன் ரூம், அதாவது தூசி புகாத அறை வைத்திருக்கும் ரிக்கவரி லேப்தான் இதற்கு வழி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு சரிசெய்வதில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஃபேன் ஓடுகிற கடை மேஜையில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்றப் போனால், டிஸ்க்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். முதலில் பரிசோதித்து என்னென்ன கிடைக்கும் என்று பட்டியல் காட்டிவிட்டுப் பிறகு தொகை சொல்கிற இடமாகப் பாருங்கள். செலவு ஆயிரக்கணக்கில் போகும். வரவேண்டிய பாக்கி அதைவிடக் குறைவு என்றால் டிஸ்க் பரணிலேயே இருக்கட்டும்.

தாம்பரம், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்: சங்க உறுப்பினர் பட்டியலைப் பழைய கம்ப்யூட்டரில் இருந்து எடுத்து வந்தோம். புதியதில் திறந்தால் பெயர்கள் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாக இருக்கின்றன. வைரஸ் என்கிறார் பேரன்.

வைரஸ் இல்லை ஐயா, ஃபாண்ட். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை பரவுவதற்கு முன் பாமினி, வானவில் மாதிரி ஃபாண்டுகளில் அடித்தது. அடியில் இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ்ச் சட்டை. பாமினியில் 'அம்மா' என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். அந்த ஃபாண்டைப் புதுக் கம்ப்யூட்டரில் நிறுவினால் உடனே தமிழ் தெரியும். எந்த ஃபாண்ட் என்று அறிய, பெயர் உள்ள கட்டத்தில் நின்று மேலே ஃபாண்ட் பெட்டியைப் பாருங்கள்.

நிரந்தரமாக யூனிகோடுக்கு மாற்ற என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போதும், சென்னையில் உருவானதுதான். ஒரு எச்சரிக்கை: தமிழ்ப் பத்திகளை மட்டும் மாற்றுங்கள். ஷீட் முழுவதையும் கொடுத்தால் நிஜமாகவே ஆங்கிலத்தில் இருந்த முகவரிகளும் தமிழ்க் கிறுக்கலாகிவிடும்.

பெயர்கள் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகளாக வருகிறது என்று குரோம்பேட்டையிலிருந்து இன்னொருவர் எழுதியிருக்கிறார். அது வேறு கதை. யூனிகோடு தமிழைச் சாதாரண சிஎஸ்வி (அலங்காரம் இல்லாத வெறும் எழுத்து ஃபைல்) ஆகச் சேவ் செய்திருப்பார். எழுத்து உண்மையிலேயே போய்விட்டது, மூல ஃபைலைத்தான் தேட வேண்டும். அடுத்த தடவை 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' தேர்ந்தெடுங்கள்.

போரூர், மனிதவளப் பிரிவு: பதினாறு இலக்க எண்களில் கடைசி இலக்கம் மட்டும் எல்லாவற்றிலும் 0 ஆகிவிட்டது.

எக்செல் 15 இலக்கம்தான் நினைவில் வைக்கும். போன இலக்கம் திரும்பாது. மூலத்திலிருந்து மறுபடி எடுத்து, ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள்.

சோழிங்கநல்லூர்: பழைய எக்ஸ்எல்எஸ் ரிப்போர்ட்டில் பாதி வரிகளைக் காணோம். கரப்ட் ஆகிவிட்டதா?

கடைசி வரி எண்ணைப் பாருங்கள். 65,536 என்றால் கரப்ட் இல்லை, அந்த வகை ஃபைலின் கொள்ளளவே அவ்வளவுதான். 2020இல் இங்கிலாந்தில் இதே வரம்பு இடித்து 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் அரசுக் கணக்கில் சேராமல் விட்டுப்போனது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆக எடுத்தால் 10,48,576 வரி வரை போகும். வெட்டுப்பட்ட ஃபைலை மாற்றிப் பயனில்லை, ரிப்போர்ட்டையே புதிதாக எடுக்க வேண்டும்.

திருவொற்றியூர், லாரி புக்கிங் ஆபீஸ்: எல்லா ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்து சேர்ந்திருக்கிறது. பணம் கேட்டு ஒரு குறிப்பும் இருக்கிறது.

இது ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் பறிக்கும் வைரஸ். முதலில் நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள், மற்ற கம்ப்யூட்டர்களாவது தப்பட்டும். பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் அந்தக் குறிப்பை ஏற்றினால் எந்த வகை என்று சொல்லும். சில வகைகளுக்கு இலவசச் சாவி இருக்கிறது. இப்போது இல்லாவிட்டாலும் பூட்டிய ஃபைல்களை அழிக்க வேண்டாம், பிற்பாடு சாவி வந்த வகைகள் உண்டு. சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்து புகாரும் கொடுத்துவிடுங்கள்.

கொளத்தூர், டியூஷன் ஆசிரியை: எல்லாம் படித்தேன். ஃபைல் கெடுவதற்கு முன்னால் நான் என்ன செய்துவைக்கணும்?

சேவ் ஆஸ் பெட்டியில் டூல்ஸ், ஜெனரல் ஆப்ஷன்ஸ் என்று போய் 'ஆல்வேஸ் கிரியேட் பேக்கப்' டிக் செய்யுங்கள். ஒவ்வொரு சேவுக்கும் முந்தைய பதிப்பு பக்கத்திலேயே தனி ஃபைலாகத் தங்கும். ஆப்ஷன்ஸில் ஆட்டோ ரிக்கவர் 10 நிமிடம் என்றிருப்பதை 2 ஆக்குங்கள். மார்க் லிஸ்ட் மாதிரி சின்ன ஃபைல் என்றால் கூகுள் ஷீட்ஸிலேயே வைத்துக்கொள்ளலாம், வெர்ஷன் ஹிஸ்டரியில் பழைய நிலைகளுக்குத் திரும்ப முடியும். பென் டிரைவில் ஒரு நகல் இருக்கட்டும், ஆனால் அது மட்டுமே நகலாக இருக்க வேண்டாம். தி.நகர் தம்பி உருவியது அதைத்தான்.