ஆர்ட்டிகிள்ஷிப் இன்டர்வியூவுக்கு ஒரு பில் போதும்

திருச்சியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உங்கள் மகள் சிஏவின் இரண்டாம் கட்டத் தேர்வான இன்டரில் இரண்டு குரூப்பையும் முடித்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த பெண், ஆறு பேப்பரையும் ஆங்கிலத்தில் எழுதித் தேறியிருக்கிறாள். ஆனால் உங்கள் கடிதத்தில் மகிழ்ச்சியைவிடக் கவலைதான் அதிகம். சென்னையில் யாரையும் தெரியாது, சிபாரிசு இல்லாமல் நல்ல ஆடிட்டர் ஆபீசில் ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு (ஆடிட்டரிடம் செய்ய வேண்டிய கட்டாயப் பயிற்சி) எடுக்க மாட்டார்களாம், அவளுக்கு இங்கிலீஷ் சரளமாக வராது என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள்.

சிபாரிசால் பயோடேட்டா சீக்கிரம் கண்ணில் படலாம், அவ்வளவுதான். இப்போது ஆடிட்டர்கள் ஆள் எடுக்கும் கணக்கே மாறியிருக்கிறது. சிஏ படிப்பை நடத்தும் அமைப்பான ஐசிஏஐ 2023 ஜூலையில் கொண்டுவந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைந்தது. இன்டர் இரண்டு குரூப்பும் முடித்தவர்கள்தான் சேர முடியும். முன்பு முதல் வருடம் கற்றுக்கொள்ளத்தான் போகும் என்று பொறுத்துக்கொண்டவர்களுக்கு இன்று அந்த அவகாசம் இல்லை. ஆகவே, சேர்ந்த மாதத்திலேயே ஒரு ஃபைலைக் கையில் கொடுத்தால் திணறாமல் பார்ப்பாளா என்பதைத்தான் இன்டர்வியூவில் சோதிக்கிறார்கள். எல்லாப் பாடத்தையும் மறுபடி முதலிலிருந்து புரட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தயாராக முடியாது. ஒரு பில்லை எடுத்து அதன் போக்கு முழுவதையும் சொல்லத் தெரிய வேண்டும்.

எப்படி என்று காட்டுகிறேன், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரு கம்பெனி தன் பழைய ஆபீஸ் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிறது. பெயின்டிங் கான்ட்ராக்டர் ஒரு பார்ட்னர்ஷிப் நிறுவனம். பில் 1,00,000 ரூபாய், ஜிஎஸ்டி 18,000, ஆக மொத்தம் 1,18,000. இதற்கு என்ட்ரி போடு என்றால், பராமரிப்புச் செலவு 1,00,000 டெபிட், கான்ட்ராக்டர் கிரெடிட் என்று எல்லா மாணவர்களும் ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்த கேள்வியில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். டிடிஎஸ், அதாவது பில் தொகையிலிருந்து கம்பெனி பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி, எவ்வளவு? பார்ட்னர்ஷிப் என்பதால் 2 சதவீதம். தனிநபராக இருந்தால் 1 சதவீதம். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருப்பதால் 1,00,000 மீது மட்டும் பிடித்தால் போதும். அப்போது 2,000 ரூபாய் டிடிஎஸ், கான்ட்ராக்டருக்குத் தர வேண்டியது 1,16,000, ஜிஎஸ்டி 18,000 உள்ளீட்டு வரிக் கணக்கில் டெபிட். பிடித்த 2,000-ஐ அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், மார்ச் மாதம் பிடித்ததென்றால் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. பிடிக்காமலே விட்டால் என்ன ஆகும் என்றும் கேட்பார்கள். அந்தச் செலவில் 30 சதவீதம், அதாவது 30,000 ரூபாய், வருமான வரிக் கணக்கில் செலவாக ஏற்கப்படாது, வட்டியும் சேரும்.

சரி, அந்த 18,000 வரியைக் கம்பெனி கிரெடிட் எடுக்கலாமா, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாமா? எடுக்கலாம். ஆனால் கான்ட்ராக்டர் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-ஐத் தாக்கல் செய்து, இந்த பில் கம்பெனிக்குக் கிடைக்கும் கிரெடிட் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வந்திருக்க வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி கெடு, 14-ஆம் தேதி 2பி உருவாகும், 20-ஆம் தேதிக்குள் கம்பெனி வரி கட்டும் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி போட வேண்டும். ஆர்ட்டிகிள் மாணவர்களின் மாதம் பெரும்பாலும் இந்தத் தேதிகளைச் சுற்றியே ஓடுகிறது. தேதிகளை ஒப்பிக்காமல் எதனால் எது வருகிறது என்று சொல்லத் தெரிந்தால், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இதே பில்லில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வெறும் வெள்ளையடிப்பாக இல்லாமல், கட்டடத்தையே புதுப்பித்து அந்தச் செலவைக் கட்டடத்தின் மதிப்போடு சேர்த்துவிட்டால்? அப்போது பொதுவாக அந்த ஜிஎஸ்டிக்குக் கிரெடிட் கிடையாது, ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தடுத்துவிடும். செலவா சொத்தா என்று சிஏவின் முதல் கட்டமான ஃபவுண்டேஷனில் படித்த பழைய கேள்விதான் இங்கே 18,000 ரூபாயின் கதியை முடிவு செய்கிறது. இந்த இடத்தை அவள் தானாகவே எடுத்துச் சொன்னால், சிபாரிசைப் பற்றிய பேச்சே எழாது.

இப்படி மூன்று பில்லைத் தயார் செய்யச் சொல்லுங்கள். மேலே சொன்னது ஒன்று, ஆபீஸ் வாடகை ஒன்று, இயந்திரம் வாங்கியது ஒன்று. இயந்திரத்தை எடுத்தால் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி தேய்மானம் ஒரு விதமாகவும், வருமான வரியில் 15 சதவீதமாகவும் வரும். அந்த இடைவெளியிலிருந்துதான் டெஃபர்டு டாக்ஸ், அதாவது பின்னால் வரும் ஆண்டுகளில் கூடவோ குறையவோ போகும் வரி, பிறக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டாலே நடுங்கும் பிள்ளைகளுக்கு, ஒரே இயந்திரத்தை இரண்டு கணக்கிலும் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. 194சி, 194ஜே, 194ஐ என்று மனப்பாடம் செய்த டிடிஎஸ் பிரிவுகள் அதில் 393-ஆம் பிரிவுக்குள் அட்டவணையாகப் போய்விட்டன. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைப் பேச்சுக்குப் பதில் ‘வரி ஆண்டு’ வந்துவிட்டது. பழைய ஆண்டுகளின் வழக்குகளும் கணக்குகளும் 1961 சட்டப்படியே நடக்கும் என்பதால், ஆபீசில் இரண்டு எண்களும் காதில் விழும். இரண்டையும் சொல்லத் தெரிந்த பெண்ணாகப் போகட்டும்.

ஆடிட் கேள்விகளும் இந்தப் பாணியில்தான் வரும். “பேங்க் பேலன்ஸை எப்படிச் சரிபார்ப்பாய்?” என்று கேட்டால், ரீகன்சிலியேஷன் (கம்பெனிக் கணக்கையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிடுவது) பார்ப்பேன் என்பது பாதி பதில். வங்கியிடமிருந்து நேரடியாக உறுதிக் கடிதம் வாங்குவேன், அது கம்பெனி வழியாக இல்லாமல் ஆடிட்டருக்கே வர வேண்டும், எஸ்ஏ 505 என்ற ஆடிட் தரநிலை சொல்வது அதைத்தான் என்பது முழு பதில். ஸ்டாக்கையும், வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கியையும் இதே போலப் பார்த்துவைக்கட்டும். 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற தடம் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதும் அடிக்கடி கேட்கப்படுகிறது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் கான்ட்ராவுக்கு எஃப்4, பேமென்ட்டுக்கு எஃப்5, ஜர்னலுக்கு எஃப்7 என்று கை தானாகப் போக வேண்டும். எக்செல்லில் பிவட் டேபிள், எக்ஸ்லுக்அப், சம்இஃப்ஸ் இந்த மூன்றும் தெரிந்தால் நடுத்தர ஆபீஸ் வைக்கும் டெஸ்டைத் தாண்டிவிடலாம்.

இங்கிலீஷ் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அதிகம் அழுத்தி எழுதியிருப்பது இதைத்தான். உள்ளதைச் சொல்கிறேன் அம்மா, ஆங்கிலம் வேண்டும். மெயில், ரிப்போர்ட், கிளையன்ட்டோடு பேச்சு எல்லாமே அதில்தான். ஆனால் இன்டர்வியூவில் சின்னச் சின்ன வாக்கியமாக, தப்பில்லாமல், நிதானமாகப் பேசினால் போதும். பேச்சு தடுமாறும் என்று தெரிந்தால் ஒரு பேப்பரும் பேனாவும் கேட்டு, என்ட்ரியை எழுதிக் காட்டியபடியே விளக்கட்டும். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், ஆடிட் ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். தெரியாத கேள்விக்கு “தெரியவில்லை சார், பார்த்துச் சொல்கிறேன்” என்பதை ஆங்கிலத்தில் தயக்கமின்றிச் சொல்லப் பழகட்டும். சமாளித்துப் பேசுகிறவர்களிடம் ஃபைலைக் கொடுக்க ஆடிட்டர்கள் யோசிப்பார்கள், ஏனென்றால் கையெழுத்துப் போடப் போவது அவர்கள்.

இதில் நீங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவளை ஒரு தலைப்பை எடுத்து முதலில் தமிழில் உங்களுக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள், பிறகு அதையே ஆங்கிலத்தில். உங்களுக்குக் கணக்குப் படிப்பு தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் நல்லது. உங்களுக்குப் புரியவில்லை என்றால் அவளுக்கும் அது முழுதாகப் புரியவில்லை என்று அர்த்தம். அங்கே நிறுத்தி, ஏன் என்று கேளுங்கள்.

பயோடேட்டா ஒரே பக்கம் இருக்கட்டும். இன்டர் மதிப்பெண், எத்தனையாவது முறையில் தேறினாள், பி.காம். சதவீதம், டேலி, எக்செல், எப்போது சேர முடியும், இவ்வளவு போதும். ஒரு குரூப் இரண்டாம் முறையில் வந்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். கேட்டால், எந்தப் பாடத்தில் விட்டது, அப்புறம் எப்படிப் படித்தாள் என்று சொன்னால் அதுவே நல்ல பதில். மெயிலின் தலைப்பிலேயே பெயர், இரண்டு குரூப் தேர்ச்சி, ஊர், சேரும் தேதி எல்லாம் இருக்கட்டும். ஒரே மெயிலில் ஐம்பது ஆபீஸ் முகவரியைப் போட்டு அனுப்புகிற பழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது, அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஐசிஏஐயின் ஆர்ட்டிகிள்ஷிப் பிளேஸ்மென்ட் போர்ட்டலிலும் பதிவு செய்யட்டும். ஐசிஐடிஎஸ்எஸ் என்ற ஐசிஏஐயின் கம்ப்யூட்டர், பேச்சுத்திறன் பயிற்சி முடியாமல் ஆர்ட்டிகிள்ஷிப் தொடங்க முடியாது, அதை இன்னும் முடிக்கவில்லை என்றால் முதல் வேலை அதுதான். ரிசல்ட் வந்த வாரத்தில்தான் ஆபீஸ்களில் பயோடேட்டா குவியும், தள்ளிப்போட வேண்டாம்.

பெரிய ஆபீசா, சின்ன ஆபீசா என்று கேட்டிருக்கிறீர்கள். டெலாய்ட், கேபிஎம்ஜி போன்ற இடங்களில் பெரிய கம்பெனிகளின் ஆடிட் கிடைக்கும், முறையான ஆவணப் பழக்கம் வரும், ஆனால் ஒரே துறையில் இரண்டு வருடமும் போய்விடலாம். எனக்குப் பிடித்தது நாலைந்து பார்ட்னர்கள் இருக்கிற நடுத்தர ஆபீஸ். ஆடிட், ஜிஎஸ்டி, வருமான வரி மூன்றிலும் கை வைக்க விடுவார்கள், அது சிஏவின் கடைசிக் கட்டமான ஃபைனல் தேர்வுக்கும் உதவும். சென்னைதான் வேண்டும் என்றும் இல்லை. திருப்பூர், கரூர் பக்கம் ஏற்றுமதி ஜிஎஸ்டி ரீஃபண்டும் ஜாப் ஒர்க்கும் பழகிய மாணவர்களுக்குத் தெரிந்தது பல பெரிய நகரத்து மாணவர்களுக்குத் தெரியாது. விடுதி வாடகையும் யோசிக்க வேண்டும். ஐசிஏஐ நிர்ணயித்த குறைந்தபட்ச ஸ்டைபெண்டை மட்டும் தரும் ஆபீஸ் என்றால், சென்னையில் வீட்டிலிருந்து பணம் அனுப்பியே ஆக வேண்டும்.

இன்டர்வியூ முடிவில் “உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். கட்டாயம் கேட்கட்டும். முதல் ஆறு மாதம் என்ன வேலை, என் வேலையை யார் பார்த்துத் திருத்துவார்கள், வெளியூர் ஆடிட் போனால் பெண்களுக்குத் தங்க என்ன ஏற்பாடு, செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட் நேரத்தில் எத்தனை மணி வரை வேலை, தேர்வுக்கு லீவு எப்படி. இவற்றைக் கேட்பதால் வாய்ப்புப் போகாது. பதில் சொல்லத் தயங்கும் ஆபீசைப் பற்றி நீங்கள் யோசிக்கலாம்.

யாராவது “ஆபீசுக்கு வர வேண்டாம், பதிவு மட்டும் செய்துவிடுகிறோம், வீட்டிலிருந்து ஃபைனலுக்குப் படி” என்று சொன்னால், அது எவ்வளவு நெருங்கிய சொந்தக்காரராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். ஐசிஏஐ விதிப்படி அது முறைகேடு. பயிற்சிக் காலமே செல்லாமல் போகலாம். அதைவிட, இருப்பதே இரண்டு வருடம். அந்தக் காலத்தில் ஒரு வவுச்சரைக்கூடக் கையில் எடுக்காமல் சிஏ ஆகி, முதல் கிளையன்ட் முன்னால் உட்காரும் நிலை உங்கள் பெண்ணுக்கு வரக் கூடாது.

ஆபீஸ் முடிவானதும், சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ஆர்ட்டிகிள்ஷிப்பைப் பதிவு செய்யும் ஃபார்ம் 103 ஐசிஏஐயில் பதிவாக வேண்டும். அது ஆபீஸ் செய்யும் வேலைதான், ஆனாலும் சுயசேவை போர்ட்டலில் அப்ரூவ் ஆகிவிட்டதா என்று அவளே உள்ளே போய்ப் பார்க்கட்டும். பி.காம். இன்னும் முடியவில்லை என்றால் வேறு படிப்பைத் தொடர அனுமதி கேட்கும் ஃபார்ம் 112-ம் சேர்த்துப் போட வேண்டும், சேரும் முன்பே ஆபீசில் அதைச் சொல்லிவிடச் சொல்லுங்கள்.