முன்பள்ளிக்காக மூன்றாவது கிழமைக் கடன்: உப்புவெளி வாசகிக்குப் பதில்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். என் கணவர் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகொன்றில் வேலை செய்கிறார். மே முதல் செப்டெம்பர் வரை மாதம் 110,000 ரூபாய் அளவில் கிடைக்கும். மற்ற ஏழு மாதங்களும் கூலி வேலைதான். 45,000 வரை கொண்டுவருவார். நான் தையலில் மாதம் 12,000 ரூபாய் உழைக்கிறேன். மகளுக்கு நான்கு வயதும் மூன்று மாதமும் ஆகின்றன. அவளை நகரத்தில் உள்ள ஆங்கில மொழி முன்பள்ளியில் சேர்ப்பதற்கும் அந்த மாரிகாலச் செலவுக்குமாகக் கடந்த ஜனவரியில் 150,000 ரூபாய் கிழமைக் கடன் எடுத்தேன். கிழமைக்கு 3,650 வீதம் 52 கிழமை. அதைக் கட்டச் சிரமப்பட்டு ஒக்டோபரில் வேறோர் இடத்தில் 100,000 எடுத்தேன். கிழமைக்கு 2,450, அதுவும் 52 கிழமை. முதலாவதில் 5 கிழமையும் இரண்டாவதில் 43 கிழமையும் மீதி இருக்கின்றன. அந்த முன்பள்ளியில் மேல் வகுப்புக்கு இப்போது 60,000 கேட்கிறார்கள். கையில் 20,000 இருக்கிறது. மீதிக்கு இன்னொரு கடன் எடுக்கலாமா? பிள்ளையின் படிப்பில் கணக்குப் பார்க்கக் கூடாது என்கிறார் மச்சாள். மாதம் 6,000 கட்டும் கல்விக் காப்புறுதி ஒன்றிலும் சேரச் சொல்கிறார். அவரே அதன் முகவர். சிறு பிள்ளைகளின் கல்விக்கு அரசாங்கம் ஏதேனும் உதவி செய்கிறதா?

பதில்: அன்புள்ள சகோதரி, சிக்கனத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. மாரிகாலத்தில் 57,000 ரூபாயில் வீடு நடத்துகிற ஒருவருக்கு அது தெரியாமல் இருக்காது. உங்கள் கடிதத்தில் என்னை வருத்துவது ஒரே ஒரு வழக்கம்தான்: முன்பள்ளிச் செலவுக்குக் கிழமைக் கடன் எடுப்பதும், அதைக் கட்ட இன்னொரு கிழமைக் கடன் எடுப்பதும். மூன்றாவது கடனை எடுக்காதீர்கள். எடுத்தால், பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போகும் நாளில் நீங்கள் நான்காவதைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முதற்கடனை எடுத்துக்கொள்வோம். 3,650ஐ 52ஆல் பெருக்கினால் 189,800. ஆகவே வட்டி 39,800. கடன் கொடுத்தவர் இதை 26 சதவீதம் என்று சொல்லியிருப்பார். ஆனால் 150,000 ரூபாயும் ஆண்டு முழுவதும் உங்கள் கையில் இருக்கவில்லை. கிழமைதோறும் குறைந்துகொண்டே வந்தது. சராசரியாக அதில் பாதி, அதாவது 75,000 ரூபாயையே ஓர் ஆண்டு வைத்திருந்தீர்கள். 75,000க்கு 39,800 வட்டி என்றால் உண்மையான வட்டி ஐம்பது சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இரண்டாவது கடனும் ஏறக்குறைய இதே அளவுதான். இப்போது டிசெம்பர் மாதத்தைப் பாருங்கள். இரண்டு கடனுக்கும் கிழமைக்கு 6,100, மாதத்துக்கு 26,400. முன்பள்ளிக் கட்டணம் 9,000, வான் கட்டணம் 5,000 என்று நீங்கள் தனியாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் சேர்ந்து 40,400. வாடகைக்கும் சோற்றுக்கும் மருந்துக்கும் மிஞ்சுவது 16,600 ரூபாய். இந்த வீட்டில் இன்னொரு கடனுக்கு எங்கே இடம் இருக்கிறது?

நம் ஊரின் பருவமும் இதில் உங்களுக்கு எதிராகவே வேலை செய்கிறது. மாரி தொடங்கினால் படகுகள் கரையில் கிடக்கும். பாடசாலை ஆண்டோ ஜனவரியில் தொடங்குகிறது. அனுமதிக் கட்டணம், சீருடை, சப்பாத்து எல்லாமே வருமானம் அடியில் கிடக்கும் மாதத்தில் வந்து விழுகின்றன. கடற்கரையில் பிழைக்கும் குடும்பங்களைத் தேடிக் கிழமைக் கடன்காரர்கள் நவம்பரிலும் டிசெம்பரிலும் வருவது தற்செயல் அல்ல. திருகோணமலை உட்பட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த 100,000 ரூபாய் வரையான நுண்கடன்களை அரசாங்கம் 2018இல் தள்ளுபடி செய்ய முன்வந்தது, இந்தச் சுமை அத்தனை வீடுகளை அழுத்தியிருந்ததால்தான். அப்படி இன்னொன்று வரும் என்று எதிர்பார்த்துக் கடன் எடுப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். நீங்கள் அந்தக் கணக்கில் இறங்க வேண்டாம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. நம் நாட்டின் இலவசக் கல்வி 1945இலிருந்து நடைமுறையில் இருந்தாலும், அது முதலாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. முன்பள்ளி அதற்கு வெளியே நிற்கிறது. அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்துக்குப் பின் முன்பள்ளிகள் மாகாணங்களின் பொறுப்பில் உள்ளன. இங்கே கிழக்கு மாகாணப் பாலர் பாடசாலைக் கல்விப் பணியகம் அவற்றைப் பதிவு செய்து மேற்பார்வை செய்கிறது. முன்பிள்ளைப் பருவப் பராமரிப்புக்கும் விருத்திக்குமான தேசியக் கொள்கை 2004இலிருந்து இருக்கிறது. ஆனால் அந்தக் கொள்கை உங்கள் மகளின் மாதக் கட்டணத்தைக் கட்டுவதில்லை. நடத்துபவர் கேட்பதே கட்டணம் என்றாகிவிட்டதால், அதிகம் கேட்பவரிடம் நல்ல கல்வி இருக்கும் என்று பெற்றோர் எண்ணிக்கொள்கிறார்கள். ஆங்கிலப் பெயர்ப்பலகையும், விடுகை விழாவுக்குப் பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் வாடகைக்கு எடுத்துப் படம் பிடிப்பதும் அந்த எண்ணத்தை வளர்க்கின்றன. விழாக்களுக்கு மட்டும் இந்த ஆண்டு 25,000 போயிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தில் உங்கள் பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் தினம் ஒரு முட்டை கொடுத்திருக்கலாம்.

நல்ல முன்பள்ளியில் படித்தால்தான் நல்ல பாடசாலையில் இடம் கிடைக்கும் என்ற அச்சமும் உங்கள் வரிகளுக்கு இடையே தெரிகிறது. அரசாங்கப் பாடசாலைகளின் முதலாம் வகுப்பு அனுமதியில் முன்பள்ளியின் பெயருக்கு ஒரு புள்ளியும் கிடையாது. பெரும் பங்கு இடங்கள் அருகில் வசிப்போருக்கே போகின்றன. அதற்கு வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலான தூரமும், அங்கே வசிப்பதற்கான சான்றுகளும், பெற்றோரின் பெயர் வாக்காளர் இடாப்பில் எத்தனை ஆண்டுகளாக அந்த முகவரியில் இருக்கிறது என்பதும் பார்க்கப்படுகின்றன. நீங்கள் வாடகை வீட்டில் இருப்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். உங்கள் இருவரின் பெயரும் இன்னும் பழைய ஊரின் இடாப்பில் கிடந்தால், நாளைக்கே கிராம உத்தியோகத்தரிடம் போய் உப்புவெளி முகவரிக்கு மாற்றுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி, நீர், மின்சாரப் பட்டியல்களைக் கோப்பில் சேர்த்து வையுங்கள். இதற்குச் செலவு மிகக் குறைவு. மகளின் அனுமதிக்கு 60,000 ரூபாய் முன்பள்ளியைவிட இது உதவும். அவளுக்கு அடுத்த செப்டெம்பரில்தான் ஐந்து வயது நிறைவதால், முதலாம் வகுப்பு வரும் ஜனவரியில் அல்ல, அதற்கு அடுத்த ஜனவரியில். விண்ணப்பமோ அதற்குப் பல மாதங்கள் முன்பே கோரப்படும்.

முன்பள்ளியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறு வயதுக் கல்விக்கு இடும் பணம் பிற்காலத்தில் பலன் தரும் என்பது ஆய்வுகளில் கண்ட உண்மை; ஆனால் எதில் இட்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 1986இலும் 1987இலும் ஜமேக்காவின் கிங்ஸ்டன் நகரில், வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாத 129 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதார ஊழியர்கள் கிழமைக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டுகள் போனார்கள். பிள்ளையோடு எப்படிப் பேசுவது, வீட்டில் கிடக்கும் பொருளைக் கொண்டு செய்த விளையாட்டுச் சாமான்களோடு எப்படி விளையாடுவது என்று தாய்மாருக்குக் காட்டினார்கள். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 25 சதவீதம் அதிகம் உழைத்தார்கள். அவர்கள் உங்கள் மகளைவிடச் சிறியவர்கள், போசாக்கிலும் பின்தங்கியிருந்தவர்கள்; ஆகவே அந்த 25 சதவீதத்தை அப்படியே உங்கள் வீட்டுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் அங்கே பயன் தந்தது தாயின் பேச்சும் விளையாட்டும் என்பதைக் கவனியுங்கள். தையல் துண்டுகளை நிறம் பிரித்து அடுக்கச் சொல்வதும், பொத்தான்களைத் தமிழில் எண்ண வைப்பதும், இரவில் கதை சொல்வதும் நீங்கள் கட்டணமின்றிக் கொடுக்கக்கூடிய கல்வி. காலையில் வானில் ஏற்றி அனுப்பிவிட்டு, தவணைப் பணத்துக்காக இரவு பதினொரு மணி வரை தைக்கிற தாய்க்கு அதற்கு நேரம் இருப்பதில்லை.

உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் சங்கம் ஒன்று நடத்தும் முன்பள்ளி இருக்கிறது, மாதம் 1,000 ரூபாய், ஆனால் மச்சாள் அதைக் குறைவாகப் பேசுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பேச்சை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு காலை வேளை அங்கே போய் இருங்கள். பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா, ஆசிரியைக்கு முன்பள்ளிப் பயிற்சி உண்டா, ஓர் ஆசிரியைக்கு எத்தனை பிள்ளைகள், மலசலகூடம் துப்புரவாக இருக்கிறதா, வெளியே ஓடியாட இடமும் நிழலும் உண்டா என்று பாருங்கள். பிள்ளைகள் கொப்பியில் எழுத்தை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் யோசியுங்கள். மண்ணிலும் தண்ணீரிலும் விளையாடி, பாடி, கதைத்துக்கொண்டிருந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். தெரிவு செய்யப்பட்ட முன்பள்ளிகளில் அரசாங்கத்தின் காலை உணவுத் திட்டம் நடக்கிறது. அது அங்கே உண்டா என்றும் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். உங்கள் பகுதியில் உள்ள முன்பள்ளிகளைப் பற்றி நிதானமாகச் சொல்லக்கூடியவர் அவரே.

மற்ற உதவிகளில், நீங்கள் கைவிட்ட ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். தையல் வேலையால் மூன்று மாதமாகப் பிள்ளையை நிறுக்கக் கொண்டுபோகவில்லை என்கிறீர்கள். அவள் மெலிந்திருக்கிறாள் என்றும் சொல்கிறீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் கிளினிக்கில் ஐந்து வயது வரை நிறை பார்க்கிறார்கள். நிறை குறைந்த பிள்ளைகளுக்குத் திரிபோஷா என்னும் சத்துமா இலவசமாகக் கொடுக்கிறார்கள். குடும்பநல உத்தியோகத்தரைச் சந்தித்து விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசும கொடுப்பனவு 2023இல் தொடங்கியது. 2025இலிருந்து வறிய குடும்பங்களுக்கு மாதம் 10,000, மிக வறிய குடும்பங்களுக்கு 17,500. வருமானத்தை மட்டுமன்றி வீடு, உடைமை, கல்வி, சுகாதாரம் போன்றவற்றையும் சேர்த்து 22 குறிகாட்டிகளால் தெரிவு செய்கிறார்கள். விண்ணப்பம் கோரும்போது போடுங்கள். ஆனால் அது கிடைக்கும் என்று வைத்து எந்தச் செலவையும் திட்டமிடாதீர்கள்.

இனிக் கடன். கையில் உள்ள 20,000 ரூபாயை முற்பணமாகக் கொடுக்காதீர்கள். முதற்கடனில் மீதியுள்ள 5 தவணைகளும் 18,250 ரூபாய். அந்தப் பணத்திலிருந்து கட்டி முடியுங்கள். மகளை ஜனவரியில் அருகிலுள்ள முன்பள்ளிக்கு மாற்றினால் கட்டணமும் வானும் சேர்ந்த 14,000க்குப் பதிலாக 1,000 போகும். மாதம் 13,000 மிஞ்சுகிறது. இரண்டாவது கடனின் தவணை மாதத்துக்கு 10,600. அந்தக் கடனை இனி முன்பள்ளிப் பணமே கட்டிவிடும். இந்த மாதம் 16,600 ரூபாயில் ஓட்டும் வீட்டுக்குப் பெப்ரவரியில் 45,000 ரூபாய் மிஞ்சும். நகையை அடகு வைத்து இரண்டாவது கடனை முன்கூட்டியே முடிக்கலாமா என்று கேட்பீர்கள். தவணைகளாகப் பார்த்தால் 105,350 மீதி. வட்டி நீங்கலாக முதல் தொகை மட்டும் என்றால் 86,000 அளவில் இருக்கும். முன்கூட்டிக் கட்டினால் வட்டியைக் கழிப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். கழிப்பதாக எழுதிக் கொடுத்தால் மட்டும் வங்கியில் அடகு வைத்து, தேவையான தொகையை மட்டும் எடுத்து, கடற்பருவத்தில் மீட்டுவிடுங்கள். கழிக்க மறுத்தால் நகையைத் தொடாமல் கிழமைக் கிழமை கட்டுவதே சரி.

கல்விக் காப்புறுதியைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. ஐம்பது சதவீத வட்டிக்குக் கடன் வைத்திருக்கும் ஒருவர், அதில் ஒரு சிறு பங்கையே தரும் திட்டமொன்றில் மாதம் 6,000 போடுவது தன்னைத் தானே நட்டப்படுத்துவதாகும். மாரியில் தவணை தவறினால் ஒப்பந்தம் காலாவதியாகும். முதல் சில ஆண்டுகளில் நின்றுவிட்டால் கட்டியதில் பெரும்பகுதி திரும்பாது. மச்சாளிடம் உங்கள் கணவரே பேச வேண்டும். தன் அக்காவுக்குத் தம்பி சொல்வதை உங்கள் வாயால் சொல்ல வைக்கக் கூடாது. கடன் முடியும் வரை புதிதாக எதிலும் கையெழுத்து வைப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்துவிட்டதாகச் சொன்னால் போதும், அதற்குமேல் காரணம் அடுக்க வேண்டாம்.

மே மாதம் படகு கடலுக்குப் போனதும் உங்கள் பெயரில் தேசிய சேமிப்பு வங்கியில் தனிக் கணக்கொன்று திறந்து, ஐந்து மாதமும் 30,000 வீதம் போடுங்கள். அங்குள்ள வைப்புக்கு அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் உண்டு. செப்டெம்பர் முடிவில் 150,000 ரூபாய் சேரும். கடந்த ஜனவரியில் நீங்கள் கடனாக எடுத்த அதே தொகை. ஒக்டோபரிலிருந்து மாதம் 20,000 வீதம் வீட்டுச் செலவுக்கு எடுங்கள். ஜனவரியில் முதலாம் வகுப்புச் செலவுக்கு வேண்டியதையும் அதிலிருந்தே எடுக்கலாம். அந்தக் கணக்குக்கு ஏ.ரி.எம். அட்டை மட்டும் வாங்காதீர்கள்.