முதல் பாம்பு வாங்கறீங்களா? கூண்டுக்கு சூடு வைக்கறத பத்தி கேளுங்க

வீட்ல கார்ன் ஸ்னேக்கும் ராயல் பைத்தானும் வளக்கறேன், இங்க யூகே குளிர்ல இதுங்கள வெச்சு ஓட்டிட்டு இருக்கேன். இன்னைக்கு ஹீட்டிங் மட்டும்தான், எலி தின்ன மாட்டேங்குதுங்கற கதையெல்லாம் இன்னொரு நாள். தெர்மோஸ்டாட் (ஹீட்டரோட சூட்ட அளந்து கட்டுப்படுத்தற கருவி) இன்னும் வாங்கலன்னு கேள்விய ஆரம்பிக்கறவங்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிடறேன், பாம்பையும் இன்னும் வாங்காதீங்க.

கே: அக்கா, குட்டி கார்ன் ஸ்னேக் வாங்கப்போறேன், லெஸ்டர்ல இருக்கேன். எத்தன டிகிரி வைக்கணும்? ஒரு வீடியோல 25ங்கறான், இன்னொண்ணுல 32ங்கறான்.

ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்றாங்க தம்பி, ஆனா கூண்டோட வேற வேற பக்கத்த சொல்றாங்க. பாம்புக்கு உடம்புக்குள்ள நம்மள மாதிரி சூடு உண்டாகாது, குளிர்ந்தா சூடான பக்கம் போகும், சூடு போதும்னா மறுபக்கம் வரும், அதனால ஒரு முனை சூடா ஒரு முனை சில்லுன்னு இருந்தே ஆகணும். கார்ன் ஸ்னேக்குக்கு சூடான பக்கம் 28லேந்து 30, அது படுக்கற இடத்தோட மேல்பரப்பு 32 வரைக்கும் போகலாம், மறுபக்கம் 20லேந்து 24. ராயல் பைத்தான்னா ஆப்பிரிக்கா ஐட்டம், சூடான பக்கம் 32 கிட்ட, மறுபக்கம் 25, 26க்கு கீழ போகாம பாத்துக்கணும். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஒளியற இடம் வைங்க. ஒண்ணுதான் வெச்சீங்கன்னா சூடு வேணுமா பாதுகாப்பு வேணுமான்னு அது தவிக்கும், பயந்த பாம்பு பாதுகாப்பத்தான் எடுக்கும், அப்பறம் சாப்டது செரிக்காம கக்கும்.

கே: ஹீட் மேட் (அடியில போடற, கரண்ட்ல சூடாகற விரிப்பு) வெறும் 14 வாட் தான், கைல தொட்டா வெதுவெதுன்னுதான் இருக்கு. இதுக்கு 40 பவுண்ட் குடுத்து தெர்மோஸ்டாட் வேற வாங்கணுமா?

வாங்கணும். கைல தொடும்போது காத்தோட்டத்துல இருக்கு, அதனால வெதுவெதுப்பு. அதே மேட்ட பாம்பு வளக்கற பிளாஸ்டிக் டப்பாவுக்கு அடியில வெச்சு மேல மரத்தூள கொட்டி அதுக்கு மேல பாம்பு சுருண்டு படுத்தா சூடு வெளிய போக வழியே இல்ல, அப்படியே ஏறிக்கிட்டே போகும், 40 டிகிரிய சாதாரணமா தாண்டும். சுட்டா நகந்து போயிடும்னு நினைக்காதீங்க. தோசக்கல்லு மேல நாம கை வெச்சா வெடுக்குன்னு எடுத்துடுவோம்ல, பாம்பு அப்படி எடுக்கறத நம்பவே முடியாது, மெல்ல மெல்ல ஏறற சூட்டுல படுத்தபடியே வயித்து செதில் வெந்துடும். நிறைய பேர் பண்றது இன்னொண்ணு, மேட் சூடா இருக்கேன்னு தூள இன்னும் தடிமனா போடறது. பாம்பு தோண்டிக்கிட்டு நேரா அடித்தளத்துக்கே போயிடும், அங்கதான் அதிக சூடு. மேட் தரையில மூணுல ஒரு பங்கு இருந்தா போதும், பாதிக்கு மேல வேண்டவே வேண்டாம்.

கே: எங்ககிட்ட மர விவேரியம் (பாம்பு வளக்கற பெரிய பெட்டி) இருக்கு, அதுக்கும் மேட் தானா?

மரத்துக்கு வெளிய ஒட்டினா சூடு உள்ள சரியா வராது, மேட் மட்டும் வெந்துட்டு கிடக்கும். மர விவேரியத்துக்கு மேலேந்து வர்ற சூடுதான், செராமிக் ஹீட்டர் இல்லன்னா ஹாலஜன் பல்ப். ஹோல்டர் பீங்கான்ல இருக்கணும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிடும், தீப்பிடிக்கவும் வாய்ப்பிருக்கு. சுத்தி கம்பி கார்டு கட்டாயம், ஏன்னா இதுங்க சூடான பொருள சுத்தி பிடிச்சு தொங்கும், நம்ப மாட்டீங்க. தெர்மோஸ்டாட்டும் மாறும்: ஹாலஜனுக்கு டிம்மிங் டைப் (கரண்ட கூட்டிக் குறைக்கறது), செராமிக்குக்கு பல்ஸ் டைப் (கரண்ட விட்டு விட்டு குடுக்கறது), ஆன் ஆஃப் டைப் மேட்டுக்கு. ஆன் ஆஃப்ல பல்ப மாட்டினா நாள் பூரா மினுக் மினுக்குன்னு எரிஞ்சு பாம்பு கடுப்பாகும், பல்பும் சீக்கிரம் போயிடும்.

கே: தெர்மோஸ்டாட்டோட ப்ரோப (சூட்ட அளக்கற வயர் முனை) எங்க வைக்கறது? டேப் போட்டு ஒட்டிட்டேன்.

உள்ள டேப்பா?! உடனே எடுங்கமா. பாம்பு அதுல ஒட்டிக்கிட்டு முறுக்கி முறுக்கி தோல கிழிச்சுக்கும். ஏற்கனவே ஒட்டியிருந்தா இழுக்காதீங்க, சமையல் எண்ணெய் தடவி கொஞ்சம் கொஞ்சமா கழட்டுங்க. டப்பான்னா ப்ரோப் வெளியவே, மேட்டுக்கும் டப்பா அடிக்கும் நடுவுல அசையாம இருக்கணும். விவேரியம்னா சூடான பக்க சுவத்துல ஸ்க்ரூ கிளிப் போட்டு வைங்க. தளர்வா விட்டா என்ன ஆகும்னா, பாம்பு ராத்திரி சுத்தும்போது வால்ல தள்ளி தண்ணிக் கிண்ணத்துல போட்டுடும், ப்ரோப் 20ன்னு சொல்லும், தெர்மோஸ்டாட் அட குளிருதேன்னு ஃபுல் பவர்ல ஹீட்டர ஓட்டும், விடிஞ்சு பாத்தா கதை முடிஞ்சிருக்கும். அதனாலதான் தெர்மோஸ்டாட் காட்டற நம்பர மட்டும் நம்பாம தனியா டிஜிட்டல் தெர்மாமீட்டர் ரெண்டு பக்கமும் வைங்க, படுக்கற இடத்த டெம்பரேச்சர் கன் வெச்சு பாருங்க. கண்ணாடில ஒட்டற ரவுண்டு முள்ளு மீட்டர் சும்மா அலங்காரத்துக்குத்தான்.

கே: ராத்திரிக்கு சிவப்பு பல்ப், அப்பறம் ஹீட் ராக் (கரண்ட்ல சூடாகற செயற்கை கல்லு) வைக்கலாமா?

ரெண்டும் வேண்டாம். சிவப்பு வெளிச்சமும் அதுக்கு கண்ணுல படும், ராத்திரி இருட்டா இருக்கணும். ஹீட் ராக் ஒரே இடத்துல கண்டபடி சூடாகும், பாம்பு அத சுத்திக்கிட்டு படுக்கும். கடைக்காரர் ஃப்ரீயா குடுத்தாலும் வாங்காதீங்க.

கே: கோயம்புத்தூர்லேந்து கேக்கறேன் அக்கா. பால் பைத்தான் வளக்க ஆசை, இங்க ஹீட்டர் தேவையா?

நீங்க பால் பைத்தான்ங்கறதும் நாங்க ராயல்ங்கறதும் ஒண்ணுதான். ஹீட்டருக்கு முன்னாடி பேப்பர் தேவை. நம்ம ஊரு சாரை, மண்ணுளி எதையும் 1972 வனவிலங்கு சட்டப்படி வீட்ல வெச்சுக்க முடியாது. பால் பைத்தான் வெளிநாட்டு இனம்தான், ஆனா சைட்டிஸ் (வனவிலங்கு வியாபாரத்த கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கறதால பரிவேஷ்ங்கற மத்திய அரசு போர்ட்டல்ல பதிவு பண்ணணும். சென்னை ஏர்போர்ட்ல பாங்காக்லேந்து பெட்டில அடைச்சு வர்றத கஸ்டம்ஸ் பிடிக்கற நியூஸ் அடிக்கடி வருதே, அந்த வழில வந்தத யார் குடுத்தாலும் தொடாதீங்க. சூடுன்னு பாத்தா உங்களுக்கு பிரச்சனையே தலைகீழ். ஏப்ரல், மே மாசம் ரூம் 35ஐ தாண்டினா மறுபக்கம்னு ஒண்ணே இருக்காது. அப்போ தெர்மோஸ்டாட் ஹீட்டர நிறுத்தும், ரூம கூலாக்காது, அதுக்கு ஏசி தான். டிசம்பர் ராத்திரிக்கு மட்டும் கொஞ்சம் சூடு வேணும்.

கே: சிங்கப்பூர்ல?

பாம்பு வளக்கவே அனுமதி இல்லப்பா.

கே: குளிர்காலத்துல கரண்ட் போயிட்டா? மெழுகுவத்தி ஏத்தி பக்கத்துல வைக்கலாமா?

ஐயோ வேண்டாம். ஆரோக்கியமான பாம்பு ஒரு ராத்திரி குளிர தாங்கும். கூண்டு மேல கம்பளி போத்துங்க, காத்து போக இடம் விட்டு. சுடுதண்ணி பாட்டில டவல்ல சுத்தி கூண்டுக்கு வெளிய ஒட்டி வைங்க. கரண்ட் வந்ததும் போர்வைய எடுத்துட்டுதான் ஹீட்டர போடணும், மறந்தா துணி கருகும். திரும்ப சூடு செட் ஆகற வரைக்கும் சாப்பாடு குடுக்காதீங்க. வாய தொறந்து மூச்சு விடறது, மூக்குல நுரை, விசில் மாதிரி சத்தம் வந்தா சளி பிடிச்சிருக்கு, டாக்டர்தான்.

கே: வயித்துல ரெண்டு மூணு செதில் பழுப்பா சிவந்திருக்கு. சட்டை உரிக்கப்போகுதா?

சட்டை உரிக்கறதுக்கு முன்னாடி உடம்பு பூரா மங்கும், கண்ணு நீலம் பூக்கும். வயித்துல மட்டும் திட்டா இருந்தா சூட்டுக் காயம்னே எடுத்துக்கோங்க. மேட்ட பிடுங்குங்க, ரூம சூடாக்கி வைங்க, தூள எல்லாம் எடுத்துட்டு வெள்ளை கிச்சன் டவல் விரிங்க, இன்னைக்கே ரெப்டைல் பாக்கற டாக்டர்கிட்ட போங்க. மஞ்சள், பர்னால், தேங்காண்ணெய் எதுவும் தடவாதீங்க. மேல சின்னதா தெரியும், உள்ள ஆழமா இருக்கும்.

கே: சனிக்கிழமை பாம்பு வருது, எல்லா சாமானும் இன்னும் பாக்ஸ்லயே இருக்கு.

பிரீடருக்கு (பாம்பு வளத்து விக்கறவருக்கு) ஃபோன் போட்டு அடுத்த வாரம் வாங்கிக்கறேன்னு சொல்லுங்க, நல்ல பிரீடர்னா சந்தோஷமா வெச்சிருப்பாரு. அதுக்குள்ள கூண்ட காலியாவே ஓட்டுங்க. காலைல, மத்தியானம், ராத்திரி, விடியக்காலம்னு ரெண்டு பக்கமும் நம்பர் எழுதி வைங்க, மேட் மேல பாம்பு படுத்த மாதிரி ஒரு மடிச்ச துணிய வெச்சு அதுக்கு அடியில எவ்வளவு ஏறுதுன்னும் பாருங்க. 32ஐ தாண்டுச்சுன்னா தெர்மோஸ்டாட்ட ரெண்டு டிகிரி குறைச்சு மறுபடி ஒரு நாள் ஓட்டிப் பாருங்க.