கோளக் கொத்தின் நடுப்பகுதி ஏன் வெள்ளைப் பொட்டாக விழுகிறது?

6 அங்குலத் தொலைகாட்டியால் ஒமேகா சென்டாரி என்ற கோளக் கொத்தைப் படம் பிடித்தால் நடுப்பகுதி வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடுகிறது, பெரிய கருவி வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நீங்களும் என்னைப் போலவே, மங்கலான பொருளுக்கு நீண்ட நேரம் ஒளி வேண்டும் என்று எண்ணி, ஒவ்வொரு படத்துக்கும் ஓரிரு நிமிடம் கமராவைத் திறந்து வைத்திருப்பீர்கள். அதற்குள் நடுவில் நெருங்கிய விண்மீன்களின் ஒளி நிரம்பி வழிந்து வெள்ளையாகிவிடுகிறது. ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள் நெருங்கிக் கிடக்கும் இக்கொத்தை 1603 இல் விண்மீன் வரைபடம் வெளியிட்ட யோகான் பேயரே ஒற்றை விண்மீனாக எண்ணித்தான் ஒமேகா என்று எழுத்திட்டார்; ஆகவே பொட்டுக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

என்னிடம் இருப்பதும் 750 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள 6 அங்குலத் தெறிப்புத் தொலைகாட்டிதான். முதல் வருடம் கல்லடிக் கடற்கரையில் இரண்டு நிமிடப் படங்களாக எடுத்தேன். நடுப்பகுதி வெந்துபோனதுடன் விண்மீன்கள் கோடுகளாகவும் நீண்டன. மட்டக்களப்பில் வடமீன் (துருவ விண்மீன்) அடிவானிலிருந்து ஏறக்குறைய 8 பாகை உயரத்திலேயே நிற்பதால், தென்னைகளுக்குப் பின்னால் அதைத் தேடி, வானோடு சேர்ந்து சுழலும் தாங்கியின் அச்சை அதை நோக்கிப் பொருத்துவது பெரும்பாடு. குளிர்நாட்டார் எழுதும் வழிகாட்டிகளோ, அது எல்லோருக்கும் உயரத்தில் நிற்பதுபோலவே பேசுகின்றன. இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அடுத்த வருடம் மே நடுப்பகுதியில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்குப் போனேன். அப்போது இரவு 10 மணியளவில் கொத்து தெற்கே 35 பாகை வரை ஏறும்; நம் ஊரில் அதற்கு மேல் ஏறாது. கமராவின் ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 800 இல் வைத்து, 15 செக்கன் வீதம் 80 படங்கள் எடுக்க நினைத்தேன். காவல் பரணில் இருந்தவர்கள் யானை விரட்டும் வெடி கொளுத்தி டோர்ச் அடிக்கத் தொடங்கியதால் 52 உடன் நிறுத்தினேன். அவற்றிலும் 9 அந்த வெளிச்சத்தால் வீணாயின. மீதி 43, மொத்தம் 11 நிமிடங்கூட இல்லை. ஆனால் அவற்றை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது, நடுப்பகுதியிலும் விண்மீன்கள் உப்புப் பரல்களாகப் பிரிந்து தெரிந்தன.

குறுகிய நேரத்தில் ஓரத்து மங்கல் விண்மீன்கள் விடுபடுமே என்று சிலர் வாதிடக்கூடும். அது உண்மைதான், அவற்றுக்காக 60 செக்கன் படங்கள் சிலவற்றைத் தனியே எடுத்து, நடுப்பகுதியை மட்டும் குறுகிய படங்களிலிருந்து பொருத்திக்கொள்ளலாம். குவியத்தை அருகிலுள்ள பிரகாசமான விண்மீனான அல்பா சென்டாரியில் சரிசெய்யுங்கள். இரவு குளிர்ந்து குழாய் சுருங்கிய பின்னர் மீண்டும் ஒருமுறை பாருங்கள். நான் பார்க்காமல் விட்டதால்தான் என்னுடைய கடைசிப் பத்துப் படங்கள் சற்றே பஞ்சுபோல் இருக்கின்றன.