புதிர்ப்போட்டியில் விறுவிறுப்பு எங்கே கழன்று போகிறது? கேள்வி பதில்

கலா, செந்தூல்: அண்ணே, எங்கள் தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கப் புதிர்ப்போட்டியில் ஐந்து சுற்று. நாலாவதிலேயே வெற்றி யாருக்கென்று தெரிந்துபோய், பாதிப் பேர் மீ கோரேங் நூடுல்ஸ் பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

பதில்: கணக்கைப் பாருங்கம்மா. கடைசிச் சுற்றுக்கு மொத்தமே 50 புள்ளி, முன்னிலை 60 என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. அதற்காக அந்தச் சுற்றுக்கு 200 கொடுத்துவிடாதீர்கள். முதல் நாலு சுற்றும் வெட்டியாகிவிடும். அமெரிக்கத் தொலைக்காட்சிப் புதிர்ப்போட்டி 'ஜெப்பர்டி' போலப் பணயம் வைக்கச் சொல்லுங்கள்: விடை சரியென்றால் பணயம் கூடும், தவறென்றால் கழியும். தலைப்பை மட்டும் அறிவியுங்கள். ஒவ்வோர் அணியும் தன் புள்ளியில் எவ்வளவு பணயம் என்று எழுதி மடித்துத் தரட்டும். பிறகு கேள்வி, 30 விநாடி. குறைந்த புள்ளி அணியிலிருந்து மேலே திறந்து வாருங்கள்: விடை முதலில், பணயம் பிறகு.

முன்னிலை அணி அடுத்த அணியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டால் இதுவும் எடுபடாது. 120க்கு எதிரே 50ஐ இரட்டித்தாலும் 100தான். பெரும்பாலும் பஸ்ஸர் சுற்றுதான் (முதலில் பொத்தானை அழுத்துபவர் பதில் சொல்வது) இப்படி இடைவெளியைக் கிழிக்கும், வேகமான ஒரு கை எல்லாவற்றையும் அள்ளிவிடும். நடுச் சுற்றுகளில் எல்லா அணியும் விடையை எழுதட்டும்.

குமார், பிரிக்பீல்ட்ஸ்: தீபாவளி உபசரிப்புக்கு 'டீல் ஆர் நோ டீல்' தொலைக்காட்சிப் போட்டி மாதிரி 10 உறை விளையாட்டு. உறைக்கு ஒரு தொகை, திறந்த தொகை போய்விடும். பெரிய தொகை 300 ரிங்கிட். அது மூன்றாவது உறையிலேயே போய்விட்டால்?

பதில்: மேலே ஒன்றே ஒன்று இருந்தால் அத்தோடு செத்தது. 300, 200, 150 என்று மூன்று வையுங்கள். கீழே 80, 50, 20, 10, 5, 2, 1. ஆட்டக்காரர் ஓர் உறையைப் பிடித்துக்கொள்ள, மற்றதில் 3, 2, 2, 1 என்று திறந்து ஒவ்வொரு முறையும் அவர் கையிலுள்ள உறைக்கு விலை பேசுங்கள். முதல் விலை மீதித் தொகைகளின் சராசரியில் மூன்றில் ஒரு பங்கு போதும். நியாயமாகக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார். தொகைகளைப் பெரிய அட்டையில் எழுதி, திறக்கத் திறக்கக் கோடு போட்டு அடியுங்கள். அட்டை இல்லையென்றால் அது வெறும் உறை கிழிப்பு.

வாணி, கெப்போங்: விடையைச் சொல்லாமல் எவ்வளவு இழுக்கலாம்?

பதில்: இழக்க ஏதாவது இருக்கும் இடத்தில் மட்டும், நாலைந்து விநாடி. 1998இல் பிரிட்டனில் தொடங்கிய 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' தொலைக்காட்சிப் போட்டியின் தொடக்க காலக் கணக்கையே எடுங்கள். அப்போது 10ஆவது கேள்வியைத் தாண்டினால் 32,000 பவுண்ட் உறுதி. அதனால் 11ஆவதில் தவறினாலும் நட்டமில்லை, அங்கே இழுப்பது வீண். 14ஆவதில் தவறினால் 250,000இலிருந்து 32,000க்கு விழுவார். அங்கே அந்த நாலைந்து விநாடியும் இழுத்தாலும் கூட்டம் இடத்தை விட்டு நகராது.

வாணி: கேள்வியைக் கடினமாக்கினால் போதாதா?

பதில்: போதாது. கூட்டத்துக்கும் ஓர் ஊகம் இருக்க வேண்டும். நாலு தெரிவையும் திரையில் போட்டு, அவர்கள் தங்களுக்குள் முணுமுணுக்கும்வரை அறிவிப்பாளரைப் பேசவிடாதீர்கள்.