ஆட்சியர் அலுவலக பி.ஆர்.ஓ. உண்மையில் என்ன வேலை செய்கிறார்?

தமிழ்நாட்டு மாவட்டங்களை வைத்துச் சொல்கிறேன். பி.ஆர்.ஓ. என்னும் மக்கள் தொடர்பு அலுவலர், அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறையைச் சேர்ந்தவர். உட்கார்ந்து வேலை பார்ப்பது ஆட்சியர் அலுவலகத்தில். திங்கட்கிழமை குறைதீர் கூட்டம், அமைச்சர் ஆய்வு, நலத்திட்ட விழா எல்லாவற்றுக்கும் செய்தி வெளியீடும் படமும் அன்றே நிருபர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். படக்குறிப்பில் ஒருவரின் பதவி தவறினால்கூட மறுநாள் தொலைபேசி ஓயாது.

உண்மையான சோதனை மழைக்காலத்தில்தான். விடுமுறை அறிவிப்பில் தேதி, கிழமை, பள்ளிக்கு மட்டுமா கல்லூரிக்கும் சேர்த்தா, முழு மாவட்டமா சில வட்டங்களா என்ற நான்கும் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். ஆண்டைக் குறிக்காமல் விட்டால் போன வருட அறிவிப்பு வாட்ஸ்அப்பில் மறுபடி உலா வரும். மேட்டூர் அணையில் தண்ணீர் திறக்கும்போது, நொடிக்கு எத்தனை கன அடி என்பதோடு நிறுத்தக் கூடாது. கரையோரக் குடும்பத்துக்கு அந்த எண் எதையும் சொல்லாது. எந்தெந்த ஊர், எத்தனை மணிக்குள் மேடான இடத்துக்குப் போக வேண்டும், எந்த முகாம், கட்டுப்பாட்டு அறை எண் 1077, இவைதான் உயிர் காப்பவை. அணையின் எண்களை நீர்வளத் துறைப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்கி, ஆட்சியர் ஒப்புதல் பெற்ற பிறகே வெளியிட வேண்டும். வாய்மொழியாகக் கேட்டு எழுதினால் ஒரு சுழியம் கூடிவிடும், குறைந்தும்விடும்.

தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்ததும் அரசின் சாதனை விளம்பரங்கள் நிற்கும். அப்போது பணம் கொடுத்துச் செய்தி போல வெளியிடப்படும் பிரசாரத்தைக் கண்காணிக்கும் பணியும் சேர்ந்துகொள்ளும்.